ஒரு பின்தொடை, ஒரு ஜோடி ஆட்டுக்கால்: மூட்டுகளைக் கையால் படிக்கும் வழி

செவிலியர் படிப்பு, பிசியோதெரபி, உடற்கல்வி என எதில் சேர்ந்தாலும் முதலாண்டிலேயே மூட்டுகளின் பட்டியல் வந்துவிடும். நார் மூட்டு, குருத்தெலும்பு மூட்டு, சைனோவியல் மூட்டு, கடைசி வகைக்குள் இன்னும் ஆறு உட்பிரிவு. தேர்வில் மதிப்பெண் வாங்க அந்தப் பட்டியல் போதும். வரப்பில் வழுக்கிக் கணுக்கால் வீங்கி ஒருவர் வந்து உட்கார்ந்தால் அது கைகொடுக்காது.

அதனால் பட்டியலைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, எந்த மூட்டைப் பார்த்தாலும் இரண்டு கேள்வி கேட்டுப் பழகுங்கள். இந்த எலும்புகளுக்கு நடுவில் என்ன திசு இருக்கிறது? அந்தத் திசுவுக்கு ரத்தம் போகிறதா? முதல் கேள்வியின் பதில் மூட்டு எவ்வளவு அசையும் என்று சொல்லிவிடும். இரண்டாவதன் பதில், அடிபட்டால் அது எப்போது ஆறும், ஆறுமா ஆறாதா என்று சொல்லும்.

இதற்குத் தேவை மூன்று மணி நேரமும் கறிக்கடையில் கிடைக்கும் இரண்டு பொருளும். தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறை, நாகப்பட்டினம், எங்கே இருந்தாலும் நடந்து போகும் தூரத்தில் கிடைத்துவிடும். கறியைத் தொடாத வீட்டுப் பிள்ளைகள் முதல் பகுதியை மட்டும் ஒழுங்காகச் செய்தாலே பாதிப் பாடம் வந்துவிடும்.

முதலில் உங்கள் உடம்பு

கத்தியை எடுப்பதற்கு முன் விரலால் தொடங்குங்கள். பக்கத்தில் எலும்புப் படம் ஒன்று இருக்கட்டும். இந்தக் கட்டுரையில் லிகமென்ட் என்றால் எலும்பையும் எலும்பையும் கட்டுவது, தசைநாண் அல்லது நாண் என்றால் தசையை எலும்போடு கட்டுவது. வளர்ந்தவர் உடம்பில் 206 எலும்புகள். அவற்றில் நாக்கின் அடியிலுள்ள லாட வடிவ நாவடி எலும்பு மட்டும் வேறு எந்த எலும்போடும் நேராக மூட்டுப் போடுவதில்லை. தசையும் நாருமே அதைத் தாங்கி நிற்கின்றன.

நார் மூட்டில் எலும்புகளுக்கு நடுவே இருப்பது கொலாஜன் என்ற புரதத்தாலான வெறும் நார். இடைவெளி கிடையாது, திரவமும் கிடையாது. மண்டையோட்டுத் தையல்கள் இந்த வகை. பெரியவர் தலையில் தொட்டுப் பார்த்து ஒன்றும் தெரியாது. கைக்குழந்தையின் உச்சிக்குழியில் விரலை லேசாக வைத்தால் தெரியும். அங்கே எலும்பு இன்னும் வந்து சேரவில்லை, சவ்வு மட்டும்தான். பின்பக்கக் குழி பிறந்து இரண்டு மூன்று மாதத்தில் மூடும். முன்பக்கக் குழி பெரும்பாலும் ஒன்றரை வயதை ஒட்டி மூடும். பேதியில் குழந்தையின் உடல்நீர் வற்றினால் இந்தக் குழி உள்வாங்கும், அதைச் சாதாரணமாக விடக்கூடாது. பல்லும் ஒரு நார் மூட்டுதான். வேருக்கும் தாடையெலும்புக்கும் இடையே சுமார் கால் மில்லிமீட்டர் தடிமனுக்கு நார்ப்படலம் ஒன்று உண்டு. சோற்றில் கல் கடிபட்டால் உடனே உணர்வது அந்தப் படலத்தில் உள்ள நரம்புகளால்.

குருத்தெலும்பு மூட்டில் முக்கியமானது முதுகுத்தண்டின் வட்டு, நாம் டிஸ்க் என்று சொல்வது. மொத்தம் 23. மண்டைக்குக் கீழே முதல் இரண்டு முள்ளெலும்புகளுக்கு நடுவில் வட்டு இல்லை. வெளியே அடுக்கடுக்கான நார் வளையம், உள்ளே நீர் நிறைந்த ஜெல்லி போன்ற கரு. இதை வீட்டிலேயே அளந்து பார்க்கலாம். காலையில் எழுந்தவுடன் சுவரோடு ஒட்டி நின்று உயரத்தைக் குறிக்கவும், இரவு படுக்கும் முன் மறுபடி குறிக்கவும். ஒன்று முதல் இரண்டு சென்டிமீட்டர் வரை குறைந்திருக்கும். பகலெல்லாம் உடல் எடை அழுத்தி வட்டுகளிலிருந்து வெளியேற்றிய நீர் இரவில் படுத்தபின் திரும்பி வருகிறது. இடுப்பின் முன்பக்கம் இரண்டு எலும்பும் சேரும் இடமும் இதே வகைதான். கர்ப்ப காலத்தில் அது தளர்ந்து கொடுக்கும்.

மீதி எல்லாம், அதாவது கைகால்களின் பெரும்பாலான மூட்டுகள், சைனோவியல் வகை. எலும்பு முனைகளில் வழுவழுப்பான குருத்தெலும்பு, சுற்றிலும் மூட்டுறை, அதன் உட்புறம் சைனோவியல் சவ்வு, உள்ளே கொஞ்சம் திரவம். இங்கே நேரம் செலவழியுங்கள்.

முழங்கையை நீட்டி வையுங்கள். இரு பக்கமும் துருத்தும் எலும்பு முனைகள், நடுவில் முழங்கை நுனி, இந்த மூன்றும் ஒரே கோட்டில் இருக்கும். இப்போது தொண்ணூறு பாகைக்கு மடக்குங்கள். மூன்றும் முக்கோணமாகும். முழங்கை விலகினால் இந்த முக்கோணம் குலையும். மூட்டுக்கு மேலே மேற்கை எலும்பு முறிந்திருந்தால் குலையாது. எக்ஸ்ரே வரும் முன்னரே மருத்துவர்கள் இதைத் தொட்டுப் பார்க்கிறார்கள். இது கீல் மூட்டு: மடங்கும், நீளும், வேறெதுவும் இல்லை.

முழங்கையின் வெளிப்பக்க எலும்பு முனைக்கு இரண்டு சென்டிமீட்டர் கீழே கட்டைவிரலை அழுத்தி, கோயிலில் விபூதி வாங்குவதுபோல் உள்ளங்கையை மேலே திருப்புங்கள், பிறகு கவிழுங்கள். விரலுக்கு அடியில் ஓர் எலும்புத் தலை சுழல்வது தெரியும். அது முன்கையின் இரண்டெலும்புகளில் கட்டைவிரல் பக்கத்து ஆரை எலும்பு. வளையம்போல் ஒரு லிகமென்ட் அதைச் சுற்றிப் பிடித்திருக்கிறது. இதுதான் சுழல் மூட்டு. கை திரும்புவது மணிக்கட்டில் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். மணிக்கட்டு நீள்வட்ட மூட்டு: மேலும் கீழும் பக்கவாட்டிலும் அசையும், தன் அச்சில் சுழலாது. தலையை இடவலமாக ஆட்டுவதும் சுழல் மூட்டால்தான், முதல் இரண்டு கழுத்தெலும்புகளுக்கு இடையே. கழுத்தின் மொத்தத் திருப்பத்தில் ஏறக்குறைய பாதி அங்கேயே நடக்கிறது.

விரல்களை நீட்டி அகல விரியுங்கள். பிறகு விரலடி மூட்டை மட்டும் தொண்ணூறு பாகை மடக்கி வைத்துக்கொண்டு விரிக்கப் பாருங்கள். விரியாது. மடக்கும்போது பக்கவாட்டு லிகமென்ட்கள் இறுகிவிடுவதுதான் காரணம். கையில் மாவுக்கட்டோ பட்டைக் கட்டோ போடும்போது இந்த மூட்டை மடக்கியே வைப்பதற்கும் இதுவே காரணம். நீட்டி வைத்துக் கட்டினால் தளர்ந்த நிலையிலேயே லிகமென்ட் சுருங்கிப்போகும், பிறகு விரல் மடங்காது.

கட்டைவிரலின் அடியில் உள்ளது சேண மூட்டு. நுனியை ஒவ்வொரு விரல் நுனியோடும் தொடவைத்துப் பாருங்கள், போதும். மணிக்கட்டின் சின்ன எலும்புகளுக்கு இடையே வழுக்கு மூட்டுகள். அவற்றை விரலால் பிரித்தறிய முடியாது, படத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

தோளும் இடுப்பும் பந்துகிண்ண மூட்டுகள். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. தோளில் குழி அத்தனை ஆழமில்லை, உள்ளங்கையில் தேங்காயை வைத்த மாதிரி. அதனால் கை எல்லாப் பக்கமும் சுழல்கிறது, அதனாலேயே பெரிய மூட்டுகளில் அடிக்கடி விலகுவதும் அதுதான், பெரும்பாலும் முன்பக்கமாக. சுற்றியுள்ள நான்கு தசைகளின் நாண்கள்தான் பந்தைக் குழியில் அழுத்திப் பிடித்திருக்கின்றன. இடுப்பில் குழி ஆழம். முன்பக்கம் உள்ள லிகமென்ட் உடம்பிலேயே வலுவானது. அது விலக வேண்டுமானால் வாகன விபத்து போன்ற பெரிய அடி வேண்டும்.

கடைசியாக முழங்கால். தரையில் காலை நீட்டித் தளர விட்டு, முட்டிச் சில்லைப் பக்கவாட்டில் தள்ளுங்கள், நகரும். தொடைத் தசையை இறுக்கினால் அசையாது. சில்லு அந்தத் தசையின் நாணுக்குள்ளேயே பதிந்து கிடக்கிறது.



கறிக்கடையில்

ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள். கூட்டத்தில் யாரும் உங்கள் விளக்கத்தைக் கேட்க மாட்டார்கள், பழக்கத்தில் கத்தி நேராக மூட்டில் இறங்கிவிடும். வார நாளில் காலை ஏழு மணிக்குள் போய்ச் சொல்லுங்கள்: "பாய், பின்தொடை ஒண்ணு முழுசா வேணும். இடுப்பெலும்போட சேத்துக் குடுங்க. மூட்டுல கத்தி வைக்க வேணாம், கொழுப்பு ஜவ்வு எதையும் சுத்தம் பண்ணவும் வேணாம்." வெள்ளாட்டுத் தொடை சுமார் ஒன்றரை முதல் இரண்டு கிலோ வரும். இளங்கிடாவாக இருந்தால் நல்லது, ஏன் என்று பிறகு தெரியும்.

செலவைக் குறைக்க நான்கைந்து பேர் சேர்ந்து வாங்கலாம். அதற்கு மேல் ஆள் சேர்ந்தால் யாரும் எதையும் பார்க்க முடியாது.

கூடவே ஒரு ஜோடி ஆட்டுக்கால். இது தீயில் வாட்டாததாக இருக்க வேண்டும். வாட்டிய காலில் தோலுக்கு அடியிலுள்ள நார் சுருங்கி நாண்கள் உறையோடு ஒட்டிக்கொண்டிருக்கும், இழுத்தால் வழுக்காது. மயிரோடு இருந்தாலும் பரவாயில்லை. முடிந்தால் கழுத்துக்கறியில் மேல்பக்கத் துண்டு ஒன்றும் கேளுங்கள்.

சாமான்கள்: அறுவைக் கத்திக்கான 4ஆம் எண் பிடியும் 22ஆம் எண் பிளேடும், மெடிக்கல் கடையில் கிடைக்கும். இல்லையென்றால் கூரான சின்னக் கத்தி. மழுங்கிய கத்திதான் கையைக் கிழிக்கும், ஏனென்றால் அதை அழுத்த வேண்டியிருக்கிறது. முனை மழுங்கிய கத்தரி, இடுக்கி, சின்ன ரம்பம், 5 மில்லி சிரிஞ்சும் ஊசியும், நீல மை கலந்த தண்ணீர், பெரிய தாம்பாளம், கையுறை, பழைய செய்தித்தாள், நல்ல வெளிச்சம்.

கையில் வெட்டுக்காயம் இருந்தால் பிளாஸ்டர் ஒட்டி அதன்மேல் கையுறை போடுங்கள். ஆட்டிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் புருசெல்லா என்ற கிருமி காயம் வழியாகவும் போகும். உடனே செய்ய முடியாவிட்டால் ஃபிரிட்ஜில் ஒரு நாள் வைக்கலாம், வெட்டும் முன் அரைமணி நேரம் வெளியே எடுத்து வையுங்கள். காலையில் தளர்ந்திருந்த கால் மதியத்துக்குள் விறைத்துப்போனால் பயப்பட வேண்டாம். விறைப்பது தசைதான். தசையை வெட்டி எடுத்ததும் மூட்டு பழையபடி அசையும்.

வெட்டும் வரிசை

முதல் வேலை, முழங்கால் எங்கே என்று கண்டுபிடிப்பது. இங்கேதான் எல்லாரும் தடுமாறுவது. ஆட்டின் பின்காலில் பின்னோக்கி மடங்கும் மூட்டு முழங்கால் கிடையாது, கணுக்கால். ஆடு நடப்பது விரல் நுனியில். உண்மையான முழங்கால் மேலே வயிற்றை ஒட்டி, தொடைக்கறிக்குள் மறைந்திருக்கிறது. சில்லைத் தடவிக் கண்டுபிடியுங்கள். முன்காலில் நாம் முட்டி என்று சொல்வதும் உண்மையில் மணிக்கட்டு.

அடுத்து ஆட்டுக்கால். வெட்டுமுனையில் எலும்பின் பின்பக்கம் பளபளக்கும் வெள்ளைக் கயிறு இரண்டு தெரியும். எலும்பை ஒட்டியுள்ளதை இடுக்கியால் பிடித்து இழுங்கள், குளம்பு இரண்டும் உள்நோக்கி மடங்கும். முன்பக்கத்து மெல்லிய நாணை இழுத்தால் நிமிரும். உங்கள் விரல்களை மடக்கும் தசையும் உள்ளங்கையில் இல்லை, முன்கையில்தான் பெரும்பகுதி இருக்கிறது, இதே ஏற்பாடு. நாண் நுழையும் உறையைக் கத்தரியால் நீளவாக்கில் பிளந்து உள்ளே தடவிப் பாருங்கள், வழவழவென்று ஈரம் இருக்கும். அந்த உறை வீங்கி நெருக்கும்போதுதான் விரல் மடங்கியபடி சிக்கிக்கொள்ளும் பிரச்சினை வருகிறது.

தொடைக்கு வாருங்கள். கணுக்காலுக்குப் பின்னால் தடித்த நாண், கறிக்கடையில் ஆட்டைக் கொக்கியில் தொங்கவிடுவது இதற்கும் எலும்புக்கும் நடுவே உள்ள இடைவெளியில்தான். முழு உடலின் எடையையும் தாங்குகிறது, அறுவதில்லை. நம் குதிகால் நாணும் இதுவே. ஒரு விரல் அகலத்துக்குத் தசையை நாணிலிருந்து பிரித்துக்கொண்டே போங்கள். சிவப்புத் தசை எங்கே முடிந்து வெள்ளை நாண் எங்கே தொடங்குகிறது என்று கோடு போட முடியாது. தசையின் ஒவ்வொரு இழையையும் சுற்றியிருக்கும் உறைகளே சேர்ந்து நாணாகின்றன. நிறத்தைக் கவனியுங்கள்: சிவந்த தசையில் ரத்தம் தாராளம், வெள்ளை நாணில் சொற்பம்.

இடுப்பு மூட்டைச் சுற்றி மூட்டுறையை மெதுவாக ஒரு வட்டம் அறுங்கள். காற்று நுழையும் சின்னச் சத்தம் கேட்கலாம். உள்ளே அழுத்தம் குறைவாக இருந்து பந்தைப் பிடித்து வைத்திருந்ததன் அடையாளம் அது. பந்தை வெளியே இழுத்தால் அதன் உச்சியிலிருந்து குழிக்குள் போகும் குட்டையான நார் ஒன்று தெரியும். அதை அறுத்தால் மூட்டு பிரியும். குழியின் விளிம்பில் விரலை ஓட்டுங்கள். எலும்பு விளிம்புக்கு மேலே ரப்பர் போன்ற நார்க்குருத்து வளையம் குழியை ஆழப்படுத்தியிருக்கும்.

இனி முழங்கால். அதிக நேரம் இங்கேதான். ஆட்டின் முழங்காலும் நம் முழங்காலும் உள்ளமைப்பில் மிக நெருக்கம். லிகமென்ட் ஆராய்ச்சிகளில் செம்மறியையும் வெள்ளாட்டையும் பயன்படுத்துவதற்கு அதுவும் ஒரு காரணம்.

1. மேலுள்ள தசைகளை எடுத்துவிடுங்கள், ஆனால் மூட்டிலிருந்து இரண்டு விரல் தூரம் வந்ததும் நிறுத்துங்கள். இங்கே அவசரப்பட்டால் மூட்டுறை கிழிந்து அடுத்த படி வீணாகும். பலரும் கெடுக்கும் இடம் இது.

2. மூட்டைப் பாதி மடக்கி, சில்லுக்குக் கீழுள்ள தடித்த நாணின் பக்கத்தில் ஊசியைச் செலுத்தி மை நீரை மெதுவாக ஏற்றுங்கள். 3 முதல் 5 மில்லி போதும். சில்லுக்கு இரு பக்கமும் உப்பி வரும். முழங்காலில் நீர் கோத்திருக்கிறது என்று சொல்வது இதைத்தான். நம் முழங்காலில் இயல்பாக இருப்பது 4 மில்லிக்கும் குறைவு. ஊசி எலும்பில் முட்டினால் இழுத்துக் கோணத்தை மாற்றுங்கள், அழுத்த வேண்டாம். நீர் வெளியே வழிந்தால் முதல் படியில் எங்கோ வெட்டு விழுந்திருக்கிறது.

3. சில்லின் இரு பக்கமும் நீளவாக்கில் அறுத்து, மேலே புரட்டுங்கள். மையில்லாத திரவத்தைப் பார்க்க வேண்டுமானால் ஆட்டுக்காலின் மூட்டு ஒன்றைத் திறந்து ஒரு சொட்டைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து விரியுங்கள். நூலாக இழுபடும். ஹயலுரானிக் அமிலம் தரும் பிசுபிசுப்பு அது. வாதத்தால் அழற்சி வந்த மூட்டில் திரவம் நீர்த்துப்போய் இந்த நூல் உடனே அறுந்துவிடும்.

4. எலும்பு முனையைப் பாருங்கள், நீலம் கலந்த வெள்ளை, கண்ணாடிப் பளபளப்பு. நகத்தால் அழுத்தினால் உள்வாங்கி மீளும். ஒரு சீவலை எடுத்துத் தட்டில் காற்றோட்டமாக வைத்துவிடுங்கள். அரைமணி நேரத்தில் மஞ்சளாகிச் சுருங்கும், தண்ணீரில் போட்டால் மறுபடி உப்பும். எடையில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் தண்ணீர்தான். இதற்குள் ரத்தக்குழாய் இல்லை, நரம்பும் இல்லை. உணவு வருவது மூட்டுத் திரவத்திலிருந்து, நடந்து அழுத்தம் கொடுத்து விடும்போதெல்லாம் திரவம் உள்ளே போய்வருகிறது. மாதக் கணக்கில் அசைக்காமல் வைத்த மூட்டில் குருத்து மெலிவது இதனால்.

5. மஞ்சள் கொழுப்புத் திண்டை அகற்றினால் நடுவில் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு லிகமென்ட். முன்குறுக்கு, பின்குறுக்கு. அறுக்கும் முன் தொடையெலும்பை ஒருவர் பிடித்துக்கொள்ள, கீழெலும்பை முன்னே இழுத்துப் பாருங்கள். நகராது. இப்போது முன்குறுக்கை மட்டும் அறுத்துவிட்டு மறுபடி இழுங்கள். இழுப்பறைபோல் முன்னே வரும். கிளினிக்கில் மருத்துவர் நோயாளியின் பாதத்தில் உட்கார்ந்துகொண்டு முட்டிக்குக் கீழே இழுத்துப் பார்ப்பது இந்தச் சோதனையைத்தான். பிறகு உட்பக்க லிகமென்டை அறுங்கள், மூட்டு பக்கவாட்டில் வாய்திறக்கும். ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் அறுத்துவிட்டால் எது எதைத் தடுத்தது என்று தெரியாமல் போகும்.

6. கீழெலும்பின் மேல் பிறை வடிவில் இரண்டு நார்க்குருத்துத் திண்டுகள், அவைதான் மெனிஸ்கஸ். வெளி ஓரம் தடிப்பு, உள்ளோரம் தாள்போல் மெல்லிசு. இரண்டையும் விரலால் நகர்த்துங்கள். நம் முழங்காலில் உட்பக்கத்தது அப்பக்க லிகமென்டோடு ஒட்டியிருப்பதால் நகர இடமின்றி அதிகம் கிழிகிறது. ரத்தம் வருவது வெளி ஓரத்து மூன்றில் ஒரு பங்குக்கு மட்டும். அங்கே கிழிந்தால் தையல் போட்டு ஒட்டவைக்க வாய்ப்பு உண்டு. உள்ளோரத்தில் கிழிந்தால் தானாக ஒட்டுவது அரிது.

கடைசியாகத் தொடையெலும்பின் கீழ்முனையை ரம்பத்தால் நீளவாக்கில் பிளந்து பாருங்கள், வாங்கும்போதே கடையில் செய்யச் சொல்லாதீர்கள். இளங்கிடா என்றால் முனைக்கு மேலே குறுக்காக ஒரு வெளிறிய கோடு ஓடும். அது வளர்ச்சித் தட்டு, குருத்தெலும்பு. எலும்பு நீளத்தில் வளர்வது அங்கேதான். கிழட்டு ஆடாக இருந்தால் கோடு எலும்பாகி மறைந்திருக்கும். வளரும் பிள்ளைகளுக்குச் சுற்றியுள்ள லிகமென்டைவிட இந்தத் தட்டு பலவீனம். பெரியவருக்குச் சுளுக்காக முடியும் அடி, பன்னிரண்டு வயதுப் பையனுக்குத் தட்டில் முறிவாகலாம்.

இன்னும் பொறுமை இருந்தால் ஐந்து சென்டிமீட்டர் நாண் துண்டு ஒன்றைக் கொதிக்கும் தண்ணீரில் போடுங்கள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே சுருங்கித் தடித்துவிடும். கொலாஜனின் முறுக்கு சூட்டில் அவிழ்கிறது. அதையே மணிக்கணக்கில் வேகவைத்தால் ஜெலட்டினாகிக் கரையும், ஆறிய கால்சூப் கெட்டியாக நிற்பது அதனால். சூப்புக் கொலாஜன் நேராகப் போய் முட்டியில் ஒட்டும் என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம். குடலில் அது மற்றப் புரதம்போல உடைந்துதான் ஏறும். கொலாஜனைச் சரியாகப் பின்ன உடம்புக்கு வைட்டமின் சி வேண்டும், அதற்கு நெல்லிக்காயும் கொய்யாவும் போதும். கழுத்துக்கறியில் மஞ்சள் நிறக் கயிறு கிடைத்திருந்தால் அதை இழுத்துவிட்டுப் பாருங்கள். நீண்டு திரும்பும், வெள்ளை நாண் அப்படி நீளாது. மஞ்சள் கயிறு எலாஸ்டின் என்ற நீளும் புரதத்தால் ஆனது. நம் முதுகெலும்பின் பின்புறத்திலும் இதே மஞ்சள் லிகமென்ட் உண்டு.

ஆட்டில் பார்க்க முடியாதவை: காறையெலும்பு (தோளையும் மார்பெலும்பையும் இணைப்பது. ஆட்டுக்கு இல்லை, முன்சப்பை உடலோடு தசையால் மட்டும் ஒட்டியிருப்பதால்தான் கத்தி எலும்பில் படாமலேயே பிரிந்து வருகிறது), முன்கைச் சுழற்சி (இரண்டெலும்பும் ஒன்றாகிவிட்டன), கட்டைவிரல், கணுக்காலுக்கு மேல் இரண்டெலும்பைக் கட்டும் நார் மூட்டு. இவற்றுக்கு உங்கள் உடம்பும் படமும்தான்.

வெட்டிய கறியைச் சமைக்க வேண்டாம். மை, கையுறைத் தூள், மூன்று மணி நேர வெளிச்சூடு எல்லாம் பட்டது. நாய் தோண்டாத ஆழத்தில், முழங்கால் அளவுக்காவது குழி வெட்டிப் புதையுங்கள். பிளேடைத் தடித்த டப்பாவில் போட்டு மூடுங்கள், குப்பைக் கூடையில் எறியாதீர்கள்.

வயலிலும் வீட்டிலும்

மேட்டூர் திறந்து குறுவை தொடங்கியதும் ஈர வரப்பில் கால் உள்நோக்கி மடங்குவது சகஜம். அப்போது கிழிவது பெரும்பாலும் கணுவின் வெளிப்பக்கம் முன்னால் உள்ள லிகமென்ட். நான்கு அடி எடுத்து வைக்க முடியாவிட்டாலோ, வெளிக்கணு அல்லது உட்கணு எலும்பின் பின்னோரத்திலும் நுனியிலும், நுனியிலிருந்து மேலே 6 சென்டிமீட்டருக்குள் அழுத்தினால் எலும்பே வலித்தாலோ, எக்ஸ்ரே எடுக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் பெரும்பாலும் முறிவு இருக்காது. முதல் இரண்டு மூன்று நாள் ஓய்வு, துணியில் சுற்றிய ஐஸ் ஒரு தடவைக்கு 15 முதல் 20 நிமிடம், கிரேப் கட்டு, காலை இதய மட்டத்துக்கு மேல் உயர்த்தி வைத்தல். சூடான எண்ணெய் போட்டு உருவுவதை இந்த நாட்களில் செய்யக்கூடாது, கிழிந்த சின்ன ரத்தக்குழாய்கள் மறுபடி கசியும்.

மூங்கில் பட்டை வைத்து இறுக்கிக் கட்டும் வழக்கம் இன்னும் இருக்கிறது. கட்டு எதுவானாலும் விரல் நுனியைப் பாருங்கள். நகத்தை அழுத்தி விட்டால் இரண்டு விநாடிக்குள் சிவப்புத் திரும்ப வேண்டும். விரல் வெளுத்தோ நீலமாகவோ மாறினால், மரத்தால், விரலை யாராவது நீட்டும்போது வலி உயிர்போனால் கட்டை உடனே அவிழ்த்துவிட்டு மருத்துவமனைக்கு ஓட வேண்டும். சில மணி நேரத் தாமதத்தில் தசை செத்துவிடும்.

நாற்று நடும்போது முழங்காலை மடக்காமல் இடுப்பிலிருந்து குனிந்தே மணிக்கணக்கில் நிற்கிறார்கள். வட்டின் முன்பக்கம் நசுங்கி, கரு பின்னே தள்ளப்படுகிறது, நார் வளையம் பின்பக்கத்தில்தான் மெல்லியது. அந்தக் களைப்போடு கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ மூட்டையை முறுக்கித் தூக்கினால் வளையம் கிழிய அது போதும். அரைமணிக்கு ஒருமுறை நிமிர்ந்து இடுப்பில் கைவைத்துப் பின்னோக்கி வளைவதும், மூட்டையை உடம்போடு ஒட்டிப் பிடித்துப் பாதத்தைத் திருப்பி நடப்பதும் செலவில்லாத வைத்தியம். குனிந்தபின் கால் மரத்து, சிறுநீர் போவதும் தெரியாமல் போனால் அன்றே அறுவைசிகிச்சை வசதியுள்ள இடத்துக்குப் போக வேண்டும்.

தேரோட்டக் கூட்டத்தில் குழந்தையை ஒற்றைக் கையைப் பிடித்து வெடுக்கென்று தூக்குவார்கள். ஐந்து வயதுக்குள் என்றால், முழங்கையில் பார்த்த அந்த வளைய லிகமென்டிலிருந்து ஆரை எலும்பின் தலை நழுவிவிடும். வீக்கம் இருக்காது, குழந்தை கையைத் தூக்காமல் தொங்கவிட்டுக்கொண்டே இருக்கும். தெரிந்த மருத்துவர் ஒரு நொடியில் சரிசெய்துவிடுவார். நீங்கள் முயல வேண்டாம், தோள் விலகலையும் தொட வேண்டாம். முறிவும் சேர்ந்திருந்தால் எலும்புத் துண்டு நரம்பைக் கிழிக்கும்.

விரலைச் சொடுக்குவதைப் பற்றி எப்போதும் கேட்பார்கள். மூட்டுத் திரவத்துக்குள் உருவாகும் வாயுக்குமிழியால் வரும் சத்தம் அது. டொனால்ட் அங்கர் என்ற அமெரிக்க மருத்துவர் அறுபது ஆண்டு ஒரு கையை மட்டும் சொடுக்கி வந்து, இரண்டு கைக்கும் வித்தியாசம் இல்லை என்று எழுதி 2009இல் இக் நோபல் (முதலில் சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்கான வேடிக்கைப் பரிசு) வாங்கினார். ஒருவர் கை என்பதால் பெரிய ஆதாரம் இல்லை, பயப்படவும் ஒன்றுமில்லை.

வலி எந்த வகை என்று பிரிக்க, காலை விறைப்பு எவ்வளவு நேரம் என்று கேளுங்கள். அரைமணிக்குள் விட்டால் பெரும்பாலும் தேய்மானம். ஒரு மணிக்கு மேல் நீடித்து, இரண்டு கையின் சின்ன மூட்டுகளும் வீங்கினால் முடக்குவாதத்தை நினைக்க வேண்டும். ஒரே மூட்டு சிவந்து சூடாகிக் காய்ச்சலோடு வந்தால் மறுநாள்வரை காத்திருக்காதீர்கள். சீழ் பிடித்த மூட்டில் குருத்தெலும்பு சில நாட்களில் கரைந்துவிடும், கரைந்தது திரும்ப வராது.

ஆறும் காலத்தைச் சொல்லும்போது மறுபடி அந்த ரத்தக் கேள்விதான். தசை இழுபட்டுக் கிழிந்தால் சில நாள் முதல் ஆறு வாரம். லேசான லிகமென்ட் இழுப்பு ஒன்று முதல் மூன்று வாரம், பாதி கிழிந்தால் ஒன்றரை இரண்டு மாதம், முழுவதும் அறுந்தால் மூன்று மாதத்துக்கு மேல். முன்குறுக்கு லிகமென்ட் மூட்டுக்குள்ளே திரவத்தில் நனைந்து கிடப்பதால் அறுந்த முனைகள் தாமாகச் சேர்வது அரிது. வலி போனது ஆறியதற்கு அடையாளம் கிடையாது. புதிதாக வந்த கொலாஜன் ஒழுங்கில்லாத பின்னலாகத்தான் முதலில் வரும், இழுவிசை பட்டுப் பட்டுத்தான் நேர்வரிசைக்கு வரும். சீக்கிரம் பாரம் ஏற்றினால் மறுபடி கிழியும், பாரமே ஏற்றாவிட்டால் பலவீனமாகவே ஒட்டும்.

ஸ்கேன் எடுத்துவிட்டு "ஜவ்வு கிழிஞ்சிருக்காம்" என்று வந்து நிற்பவரிடம் ரிப்போர்ட்டை வாங்கிப் படியுங்கள். நம் ஊரில் லிகமென்ட், மெனிஸ்கஸ், குருத்தெலும்பு, டிஸ்க் நான்கையும் ஜவ்வு என்றே சொல்வார்கள். எது, எந்தப் பக்கம், பகுதியா முழுவதுமா, மெனிஸ்கஸ் என்றால் வெளி ஓரமா உள்ளோரமா. இந்த நான்கும் தெரிந்தால் அவருக்கு எப்போது வயலில் இறங்கலாம் என்று ஓரளவு சொல்லலாம். தெரியாவிட்டால் எழுதிக் கொடுத்த மருத்துவரிடமே திருப்பி அனுப்புங்கள்.